மனு எழுதுவதற்கு முன்னால் உங்கள் கரையை ஒரு தடவை அளந்து பாருங்கள்

தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவில் உள்ள ஒரு மீனவ ஊரில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஊர் இளைஞர்கள் சேர்ந்து ஒரு குழு ஆரம்பித்திருக்கிறார்களாம், "இராமநாதபுரம் கடலோர வளர்ச்சிக்கு" என்று 31 கோரிக்கைகள் எழுதி வைத்திருக்கிறார்களாம். பட்டியலில் முதலில் விமான நிலையம், அடுத்து பெரிய துறைமுகம், அப்புறம் கச்சத்தீவு, தொழிற்பேட்டை, சுற்றுலா என்று போகிறது. குடிநீர் பதினேழாவது. எதை முன்னால் வைக்கலாம், யாரிடம் கொடுத்தால் வேலை நடக்கும் என்பது கேள்வி.

தம்பி, நான் இருபது வருடங்களுக்கு மேலாக இந்தக் கரையோர ஊர்களுக்கு மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். 31 கோரிக்கை உள்ள மனுவை அதிகாரி வாங்கி, முதல் பக்கத்தைப் பார்த்து, கடைசிப் பக்கத்தைப் பார்த்து, "ஆவன செய்க" என்று எழுதி ஏதோ ஒரு துறைக்குத் தள்ளிவிடுவார். அதை எத்தனையோ முறை எதிரே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு கோரிக்கையும் வேறு வேறு துறைக்குப் போக வேண்டியது, அதனால் எந்தத் துறைக்கும் அது தன் மனு இல்லை. எதை முன்னால் வைப்பது என்று கேட்டீர்கள் இல்லையா, என் பதில் உங்கள் 31இல் இல்லவே இல்லை. முதலில் உங்கள் ஊர்க் கரையை, அதாவது வத்தை (சின்ன நாட்டுப்படகு) ஏற்றி வைக்கும் இடம், வலை காயும் இடம், கருவாடு போடும் இடம், ஏலம் நடக்கும் இடம் எல்லாவற்றையும், அரசாங்க வரைபடத்தில் ஏற்றுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் மாவட்டத்தின் கடற்கரை கிட்டத்தட்ட 237 கிலோமீட்டர். தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் நம்முடையது, இவ்வளவு நீளம் வேறு எந்த மாவட்டத்துக்கும் கிடையாது. அதுவும் இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெண்கடல், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண்கடல் என்று இராமேஸ்வரத்தில் சொல்வார்கள். வாடைக்காற்று அடிக்கும்போது வடகடல் கொந்தளிக்கும், அப்போது பல ஊர்க்காரர்கள் தொழிலைத் தென்கடலுக்கு மாற்றுவார்கள். கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும்போது தென்கடல் பொங்கும், தொழில் வடக்கே வரும். இந்தப் போக்குவரத்து எந்தத் திட்ட அறிக்கையிலும் சரியாக வராது. இங்கே வளர்ச்சி என்று பேசினால் பாலம், ரயில், சாலை, யாத்திரை என்றுதான் பேச்சு போகும். 1914இல் பாம்பன் ரயில் பாலம், 1988இல் சாலைப் பாலம், 2025 ஏப்ரல் 6இல் தூக்குப்பாலத்தோடு புதிய ரயில் பாலம், 2017இல் தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை சாலை. எல்லாம் வேண்டியதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இவை பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறவர்கள் கடலைப் பார்க்க வருவதற்கான வழிகள். தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு அந்த இடம் வாழத் தகுதியற்றது என்று அறிவித்துவிட்டார்கள். இத்தனை வருடங்களுக்குப் பிறகு வழவழப்பான சாலை வந்துவிட்டது, அதே மணலில் குடிசை போட்டு வலை இழுக்கிற குடும்பங்களுக்கு இன்றும் அந்த அறிவிப்புதான் பதில்.

இதையே மனதில் வைத்து உங்கள் ஊரைப் பாருங்கள். நீங்கள் கேட்கும் விமான நிலையம் ஒரு நாள் வரலாம். துறைமுகமும் வரலாம். வரும்போது இடம் வேண்டும். தாசில்தார் அலுவலகத்தில் அ-பதிவேட்டை, அதாவது ஊர் நிலங்களின் கணக்குப் பதிவேட்டை, எடுப்பார்கள், உங்கள் ஊருக்கு முன்னால் இருக்கும் மணல் முழுவதும் "புறம்போக்கு" என்று ஒரே வார்த்தையில் இருக்கும். அங்கே உங்கள் தாத்தா காலத்திலிருந்து வத்தை ஏற்றியிருக்கிறார்கள் என்பதற்கு அந்தப் பதிவேட்டில் ஒரு புள்ளிகூட இருக்காது. சட்டப்படி அது காலி இடம். காலி இடத்தைக் கொடுப்பதற்கு உங்களிடம் யார் கேட்பார்கள்?

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு ஊரில் (பெயர் வேண்டாம், உங்களுக்கு வடக்கே இருக்கிறது) கரைக்குப் பின்புறம் ஒருவர் இடம் வாங்கினார். முள்வேலி கல் ஊன்றும்போது கடல் பக்கமும் கொஞ்சம் சேர்த்து ஊன்றிவிட்டார். ஊர்க்காரர்கள் சண்டைக்குப் போனார்கள். நில அளவையர் வந்தார், புலப்படத்தை (சர்வே எண் வாரியான நில வரைபடம்) விரித்தார். அன்று கூட இருந்த ஒரு பெரியவர், எழுபது வயதிருக்கும், கையில் துடுப்புக் கம்பு வைத்திருந்தார், அதையே ஊன்றிக்கொண்டு மணலில் நடந்து காட்டினார்: "இது வலை உணத்துற இடம், இது எங்க ஆத்தா கருவாடு போட்ட இடம், இதுல மூணு வத்தை, அது நண்டு வலை கழிக்கிற பந்தல்." அளவையர் பாவம், படத்தையும் மணலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஐயா, இதில் எதுவுமே இல்லையே" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை, படத்தில் எதுவும் இல்லை. வேலியை எடுக்க வைத்தோம். ஆனால் அதற்கு ஒன்றரை வருடம் ஆனது, அதற்குள் மூன்று வீட்டார் வத்தையை அடுத்த ஊர்க் கரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

சரி, இதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. கடலோரத்தில் எங்கே என்ன கட்டலாம் என்று சொல்லும் மத்திய அரசின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991இல் வந்தது, 2011இல் திருத்தி எழுதினார்கள், 2019இல் மறுபடியும் எழுதினார்கள். 2019இல் கட்டுமானத் தடையைத் தளர்த்தினார்கள். மக்கள் நெருக்கமாக வாழும் கிராமப்புறக் கடற்கரையில் உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை இருந்த தடை 50 மீட்டராகக் குறைந்தது. வீடு கட்ட நமக்கு வசதி என்று சிலர் நினைத்தார்கள். நமக்குத் திறந்த அதே கதவு விடுதி கட்டுகிறவருக்கும் திறந்திருக்கிறது, அவர் கையில் பணம் அதிகம். ஆனால் அதே அறிவிக்கையில் நமக்கு ஆதரவாக ஒரு பகுதி இருக்கிறது, பலர் அதைப் படிப்பதில்லை. மாநில அரசு தயாரிக்கும் கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்டத்தில் மீனவ ஊர்கள், மீனவர்களின் பொதுவிடங்கள், படகுத்துறை, ஐஸ் நிலையம், மீன் உலர்த்தும் இடம், மருந்தகம், சாலை, பள்ளி எல்லாம் சர்வே எண் தெரியும் அளவுக்கு வரைபடத்தில் காட்டப்பட வேண்டும். மீனவர் குடியிருப்பு வருங்காலத்தில் விரிவதற்கு நீண்டகால வீட்டுவசதித் திட்டமும் தயாரிக்க வேண்டும். காட்ட வேண்டும் என்பது சட்டம். ஆனால் வரைவுப் படங்கள் வெளியானபோது பல மாவட்டங்களில் ஊர்களும் பொதுவிடங்களும் விடுபட்டிருக்கின்றன என்று மீனவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சென்னையில் செயற்கைக்கோள் படத்தை வைத்து வரைகிறவருக்கு உங்கள் ஊர் நண்டு வலைப் பந்தல் எப்படித் தெரியும்? நீங்கள்தான் வரைந்து கொடுக்க வேண்டும்.

இன்னொன்று. மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்டக் கடற்கரை மண்டலக் குழு என்று ஒன்று உண்டு. அதில் மீனவர் உள்ளிட்ட பாரம்பரியக் கடலோர மக்களின் பிரதிநிதிகள் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும் என்பது விதி. நம் மாவட்டத்தில் அந்த மூன்று பேர் யார், எந்த ஊர், எப்போது நியமித்தார்கள், கடைசிக் கூட்டம் எப்போது நடந்தது, கூட்டக் குறிப்பு எங்கே? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி இந்த ஐந்து கேள்வியை அனுப்புங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். 31 கோரிக்கை மனுவை விட இந்தப் பத்து ரூபாய்க் கடிதம் அதிகம் வேலை செய்யும், இதை அனுபவத்தில் சொல்கிறேன். பதில் என்ன வந்தாலும் அடுத்த அடி எங்கே வைப்பது என்று தெரிந்துவிடும்.

அடுத்தது தண்ணீர். இதைப் பதினேழாவதாக வைத்தது எனக்கு வருத்தம், தம்பி. பட்டியல் எழுதியவர்கள் எல்லாரும் ஆண் பிள்ளைகள் என்று நினைக்கிறேன், தவறாக இருந்தால் மன்னியுங்கள். நம் மாவட்டத்தில் வெளியூர்க்காரர் வந்து இறங்கினால் முதலில் கண்ணில் படுவது அந்தத் தள்ளுவண்டிதான். இரும்புச் சட்டத்தில் குடம் உட்காரும் வட்டங்கள் வைத்து, ஆறு எட்டு பிளாஸ்டிக் குடங்களோடு பெண்கள் தள்ளிக்கொண்டு போவார்கள். விடியற்காலை நாலு மணிக்கு உங்கள் ஊர்த் தெருவில் அந்தச் சக்கரச் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். குழாய்த் தண்ணீர் வராத நாளில் மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் வழித்து வழித்து ஒரு குடம் நிரப்ப முக்கால் மணி நேரம் குந்தியிருக்கிற பெண்களை இந்தக் கரை முழுக்கப் பார்த்திருக்கிறேன். மேலே இரண்டு கை அளவு நல்ல தண்ணீர், கொஞ்சம் ஆழமாகத் தோண்டினால் உப்பு. அந்தக் கணக்கு அவர்கள் விரலுக்குத் தெரியும்.

திருச்சி காவிரிப் படுகையிலிருந்து குழாய் போட்டு, புதுக்கோட்டை, சிவகங்கை வழியாக இராமநாதபுரம் வரை தண்ணீர் கொண்டுவந்த கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 616 கோடி ரூபாய் செலவானது. அது வந்த பிறகு நிலைமை நிச்சயம் மாறியது, அதை மறுப்பது நன்றிகெட்ட பேச்சு. ஆனால் குழாய் எங்கே முடிகிறதோ அங்கேதான் கடற்கரை ஊர்கள் இருக்கின்றன. வழியில் எங்காவது மின்சாரம் போனாலும், எங்காவது உடைந்தாலும், எங்காவது கூடுதலாக எடுத்தாலும் கடைசியில் இருப்பவருக்குத்தான் வறட்சி. அதனால் "குடிநீர் வசதி வேண்டும்" என்று எழுதாதீர்கள். ஒரு மாதம், 30 நாள், ஒரு நோட்டில் எழுதுங்கள்: எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் வந்தது, ஒரு வீட்டுக்கு எத்தனை குடம், விலைக்கு வாங்கியது எத்தனை குடம், என்ன விலை. பெண்கள் கையால் எழுதட்டும். அந்த நோட்டை ஜெராக்ஸ் எடுத்துத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் செயற்பொறியாளரிடம் கொடுத்து, "உங்கள் பதிவேட்டில் எங்கள் தொட்டிக்கு எத்தனை லிட்டர் ஏற்றியதாக இருக்கிறது, காட்டுங்கள்" என்று கேளுங்கள். இரண்டும் பொருந்தாது. ஒரு ஊரில் இப்படிக் கேட்ட பிறகுதான் மேல்நிலைத் தொட்டிக்குப் போகும் குழாயில் ஒரு வால்வு பாதி மூடியே கிடந்தது தெரிந்தது. எத்தனை வருடமோ தெரியாது, யாரும் திறந்து பார்க்கவில்லை.

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை கேட்கலாமா என்று யாராவது சொல்வார்கள். நரிப்பையூரில் அப்படி ஒன்று வந்தது, பின்னாளில் முடங்கியது. ஆலை கட்டுவது சுலபம், உப்பை வடிகட்டும் சவ்வு மாற்றுவதற்கும் மின்கட்டணத்துக்கும் ஒவ்வொரு வருடமும் யார் பணம் கொடுப்பது என்பதில்தான் எல்லாம் நிற்கும். கேட்பதென்றால் பராமரிப்புக்கு எந்தக் கணக்கில் பணம் வரும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். ஊருணி தூர்வாருவது, பழைய கிணறுகளைச் சுற்றி உப்பு ஏறாமல் பார்ப்பது, மழைநீரைச் சேர்ப்பது, இதெல்லாம் சின்ன வேலைகள், ஊராட்சி நிதியிலேயே நடக்கும்.

இப்போது கடல். கச்சத்தீவு உங்கள் பட்டியலில் மூன்றாவது. உணர்வு புரிகிறது. 1974, 1976 ஒப்பந்தங்கள் இரண்டு நாடுகளுக்கு நடுவில் நடந்தவை, அதில் தமிழ்நாட்டு அரசியல் கட்சிகள் எல்லாம் பேசிக்கொண்டிருக்கின்றன, உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. உங்கள் ஊர்க் குழுவின் ஒரு பக்க மனுவால் அங்கே எதுவும் அசையாது. ஆனால் அந்த ஒரு வார்த்தை மனுவில் இருந்தால் பத்திரிகைக்காரர் அதை மட்டும் எழுதுவார், ஐஸ், தண்ணீர், பட்டா எல்லாம் காணாமல் போகும். மாவட்டச் சம்மேளனமோ சங்கங்களோ பேசும் மேடையில் நீங்களும் போய்ப் பேசுங்கள், தப்பில்லை. ஊர் மனுவில் அதைச் சேர்க்காதீர்கள்.

அதைவிடக் கடினமான ஒன்றைப் பற்றி உங்கள் பட்டியல் பேசவே இல்லை. இழுவைமடி, அதாவது விசைப்படகு கடலடியோடு இழுத்துச் செல்லும் வலை. வடகடல் ஆழமில்லாத கடல், பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைவு. அதில் அடியைச் சுரண்டி இழுத்தால் குஞ்சும் முட்டையும் பாசியும் எல்லாம் போகும் என்பது நாட்டுப்படகுக்காரருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1960களிலிருந்து மானியம் கொடுத்து விசைப்படகை வளர்த்ததே அரசுதான், அதனால் விசைப்படகுக்காரர் மீது மட்டும் பழி போடுவது நியாயமில்லை. அவர்களும் கடன் வாங்கித்தான் இறங்கினார்கள். திங்கள், புதன், சனி விசைப்படகு, மற்ற நாள் நாட்டுப்படகு என்று இந்தக் கரை தானே ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டது. கரையை ஒட்டிக் குறிப்பிட்ட தூரம் வரை விசைப்படகு தொழில் செய்யக்கூடாது என்று 1983ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இரண்டும் எவ்வளவு நடக்கிறது என்று உங்கள் அப்பாவைக் கேளுங்கள்.

எல்லை தாண்டிக் கைதாவதும், படகு பறிபோவதும் இதோடு பின்னிப் பிணைந்தது. அந்தப் பக்கம் யாழ்ப்பாணம், மன்னார்க் கரையில் இருப்பவர்களும் நம் மொழி பேசும் மீனவர்கள். போர் முடிந்து கடலுக்குத் திரும்பியவர்கள். நம் விசைப்படகு அவர்களின் வலையை அறுத்துக்கொண்டு போனால் அவர்களுக்கு அந்த வருடப் பிழைப்பு போச்சு. இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்துவிட்டது. அதே 2017இல் இங்கே ஆழ்கடல் மீன்பிடித் திட்டம் வந்தது: மூன்று வருடத்தில் 2,000 இழுவைப் படகுகளை மாற்றுவது, படகு ஒன்றுக்கு 80 லட்சம், மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 சதவீதம், வங்கிக் கடன் 20, உரிமையாளர் 10. கேட்க நன்றாகத்தான் இருந்தது. மூன்று வருடக் கெடு முடிந்தபோது மாறிய படகுகள் நூறைத் தொடவில்லை. ஏன் என்று கடலுக்குப் போகிறவரைக் கேட்டால் சொல்வார்: ஒரு நாளில் போய்த் திரும்பிப் பழகியவர் பல நாள் கடலில் தங்க வேண்டும், டீசலும் ஐஸும் லட்சக்கணக்கில் முன்பணம் வேண்டும், சூரை பிடிக்கும் தூண்டில் தொழில் வேறு, அதற்கு ஆள் வேறு. அந்தப் பெரிய படகு வடகடலில் கட்ட ஆழமே கிடையாது. குந்துகால், மூக்கையூர் என்று தென்கடல் பக்கம் தளங்கள் கட்டியது அதனால்தான். பாக் நீரிணைக்காரர் தன் ஊரை விட்டு அங்கே போய்த் தங்கித் தொழில் செய்ய வேண்டும். படகுக்கு மானியம் கொடுத்தவர்கள் இந்த மாற்றத்துக்கு இடைப்பட்ட இரண்டு மூன்று வருடச் சாப்பாட்டுக்கு வழி யோசிக்கவில்லை.

உங்கள் ஊர் நாட்டுப்படகு ஊர் என்று நினைக்கிறேன். அப்படியானால் நீங்கள் கேட்க வேண்டியது பெரிய துறைமுகம் இல்லை. சின்ன இறங்குதளம், ஏலக் கூடம், ஐஸ். இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். காலை ஏழு மணிக்கு வத்தை கரைக்கு வருகிறது, நண்டு, கணவாய், ஊடகம் மீன் என்று ஒரு கூடை. ஐஸ் இல்லை. வெயில் ஏற ஏற மீனின் கண் கலங்குகிறது. வலைக்கும் மோட்டாருக்கும் முன்பணம் கொடுத்த வியாபாரி அங்கேயே நிற்கிறார், அவரிடம்தான் கொடுக்க வேண்டும், அவர் சொன்ன விலைதான். ஐஸ் இருந்தால் மட்டும் இது மாறாது, முன்பணம் இருக்கும்வரை விலை அவர் கையில். அதனால் கூட்டுறவுச் சங்கம் வழியாகவோ மகளிர் குழு வழியாகவோ அந்த முன்பணத்தை அடைக்கும் கடன், அதோடு ஐஸ் பெட்டி, எடை போடும் இடம், மூன்றும் ஒன்றாக வர வேண்டும். ஒன்று மட்டும் வந்து பாழாய்ப் போன கட்டடங்கள் இந்தக் கரையில் எத்தனையோ. ஏலக் கூடம் என்று கட்டி, ஊருக்கு ஒதுக்குப்புறமாகக் கட்டியதால் யாரும் போகாமல், ஆடு கட்டும் இடமாகிப் போன ஒன்றை நானே பார்த்தேன். கட்டுவதற்கு முன்னால் எங்கே கட்டுவது என்று மீன் விற்கும் பெண்களை யாரும் கேட்கவில்லை.

தூண்டில் வளைவு, அதாவது அலையைத் தடுக்கக் கடலுக்குள் போடும் கல் தடுப்பு, கேட்டு எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். கல் போட்டால் ஒரு பக்கம் மணல் சேரும், அடுத்த பக்கம் அரிக்கும். உங்கள் ஊர் காப்பாற்றப்பட்டால் பக்கத்து ஊர் போகும், அவர்களும் கேட்பார்கள், அப்படியே போய்க்கொண்டே இருக்கும். உங்கள் கரை உண்மையிலேயே அரிக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு பனைமரத்திலோ கோயில் சுவரிலோ குறி வைத்து, வாடைக்கு முன்பும் பின்பும் அலைக்கோடு வரை அளந்து, போட்டோ எடுத்து இரண்டு வருடம் வையுங்கள். மணலை அலை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவதை அரிப்பு என்று நினைத்துக் கல் கொட்டிய ஊர்கள் உண்டு.

கடல்பாசி பற்றி உங்கள் பட்டியலில் ஒரு வரி இருக்கிறது, அதை ஒரு பக்கமாக்கினாலும் தகும். மன்னார் வளைகுடாப் பக்கம் தீவுகளைச் சுற்றிப் பெண்கள் மூழ்கிப் பாசி எடுப்பார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை. விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, இடுப்பில் சாக்கைக் கட்டி இறங்குவார்கள். 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்காவானதும் அவர்கள் தொழில் ஒரே நாளில் குற்றமானது. அவர்கள் செய்தது என்ன தெரியுமா? மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பது, இனம் பெருகும் காலத்தில் நிறுத்துவது என்று தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டு, அதைக் காட்டி வனத்துறையோடு பேசினார்கள். அவர்களில் ஒருவருக்கு 2015இல் அமெரிக்காவில் ஒரு பாதுகாப்பு விருது கிடைத்தது. நம் கரையில் நடந்த உரிமைப் போராட்டங்களில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான். "எங்களை விடுங்கள்" என்பதோடு நிற்காமல், கடலை எப்படிப் பார்த்துக்கொள்வோம் என்பதையும் தாங்களே எழுதிக் கொடுத்தார்கள்.

வளர்ப்புப் பாசி வேறு கதை. பெப்சி கம்பெனி 2000ஐ ஒட்டிக் கொண்டுவந்ததால் "பெப்சி பாசி" என்றே பெயர் நின்றுவிட்டது. மூங்கில் மிதவையில் கட்டி 45 நாளில் அறுவடை. பல குடும்பத்துக்குச் சோறு போட்டது, நிஜம். 2013ஐ ஒட்டிச் சூடு தாங்காமல் படுத்தது, அதுவும் நிஜம். குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறை மேல் படர்ந்து அதை மூடியதாக ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். இப்போது உங்கள் பக்கத்திலேயே, திருவாடானை வட்டத்தில் வளமாவூரில், 127 கோடியே 71 லட்சத்தில் கடல்பாசிப் பூங்கா என்று திட்டம். உங்கள் ஊர்ப் பெண்கள் இதில் கூலியாட்களா, பங்குதாரர்களா என்பதை இப்போதே கேட்க வேண்டும். விதைப்பாசி யார் தருவார், விலை யார் வைப்பார், பாசி அழுகினால் நட்டம் யாருக்கு, மிதவை போடும் இடத்தில் நண்டு வலை போடுகிறவர் எங்கே போவார். இந்த நாலு கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். சொந்த இனப் பாசிகளையும் வளர்க்க ஆராய்ச்சி கேளுங்கள், மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அவர்களிடம் நேரே போய்ப் பேசலாம்.

சுற்றுலாவுக்குக் காரங்காட்டைப் போய்ப் பாருங்கள், உங்களுக்குப் பக்கம்தான். அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள், வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து நடத்துகிறார்கள், நண்டுக் குழம்பு ஊர்ப் பெண்கள் சமைப்பது. இந்த மாதிரி என்றால் கேளுங்கள்.

இனி யாரிடம் போவது. கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் தீர்மானத்தைப் பதிவேட்டில் ஏற்றி, நகல் வாங்குங்கள். கரைப் பொதுவிடத் தீர்மானம் அங்கேதான் தொடங்க வேண்டும், ஏனென்றால் பின்னால் எந்த அதிகாரியும், எந்த நீதிமன்றமும் முதலில் கேட்பது அதைத்தான். அப்புறம் திங்கட்கிழமை மனு நாளைவிட மீன்வளத் துறையின் மீனவர் குறைதீர் கூட்டம் உங்களுக்கு நல்லது, அங்கே எல்லாத் துறைக்காரரும் உட்கார்ந்திருப்பார்கள், ஒருவர் மேல் ஒருவர் தள்ள முடியாது. ஒரு கூட்டத்துக்கு ஒரு கோரிக்கை. ஒரு பக்கம். சர்வே எண், படம், தீர்மான நகல், போன முறை கொடுத்த மனுவின் எண். நம் மாவட்டம் 2018இலிருந்து மத்திய அரசின் முன்னேற விழையும் மாவட்டங்கள் (பின்தங்கிய மாவட்டங்கள்) பட்டியலில் இருக்கிறது, விருதுநகரோடு சேர்த்துத் தமிழ்நாட்டில் இரண்டே இரண்டு. அதில் சுகாதாரம், கல்வி, விவசாயமும் நீர்வளமும், நிதிச்சேவை, அடிப்படை வசதி என்று ஐந்து பிரிவில் மதிப்பெண் போடுகிறார்கள். கடலுக்கென்று தனிப் பிரிவு கிடையாது. அதனால் உங்கள் தண்ணீர்க் கோரிக்கை அந்த மதிப்பெண்ணைக் கூட்டும் என்று ஆட்சியருக்குச் சொல்லலாம், ஐஸ் கோரிக்கைக்கு அப்படிச் சொல்ல முடியாது, அதற்கு மீன்வளத் துறைத் திட்டங்களில்தான் இடம் தேட வேண்டும்.

பக்கத்து ஊர்களையும் சேருங்கள். தனி ஊராகப் போனால் "அந்த ஊர்ப் பிரச்சினை" என்பார்கள். ஐந்து ஊர் ஒரே மாதிரி வரைபடத்தோடு போனால் கடற்கரைக் குழுவில் விவாதத்துக்கு வரும். மதமும் சாதியும் பார்த்து ஊரைப் பிரித்துக் கூப்பிடாதீர்கள், இந்தக் கரையில் முஸ்லிம், கிறிஸ்தவ, இந்து மீனவர் எல்லாரும் ஒரே கடலில்தான் வலை போடுகிறார்கள்.

வரைபட வேலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். கடல் வற்றியிருக்கும் நேரத்தில் போங்கள். இரண்டு பெரியவர்கள், கருவாடு போடும் இரண்டு அம்மாக்கள், போனில் இருப்பிடம் குறிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை, ஐம்பது மீட்டர் கயிறு, கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய புலப்பட நகல். அம்மாக்கள் நின்று காட்டும் இடத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள், வத்தை நிற்கும் இடம் எல்லாருக்கும் தெரியும், கருவாடு காயும் இடத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். வாடைக்காலத்தில் வத்தையை எங்கே ஏற்றுவீர்கள் என்பதையும் தனி நிறத்தில் போடுங்கள், அது இப்போது நிற்கும் இடத்தைவிட மேலே, வீட்டை ஒட்டி இருக்கும். போட்டு முடித்ததும் ஒரு படத்தை எனக்கும் அனுப்புங்கள், சர்வே எண் வாரியாக எப்படி எழுதுவது என்று உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.